கிணற்றோரம் மட்டும் பச்சை

கோவில்பட்டி
புரட்டாசி 12, சனிக்கிழமை

பிரித்திகாவின் அப்பாவுக்கு,

சந்தனமாரி எழுதுவது. நானும் பிள்ளையும் இருக்கிறோம். உங்கள் சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். அதை அங்கே உங்களோடு கடையில் இருக்கிற பேச்சிராஜா அண்ணன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுகிற நிலைமை வந்து ஒரு வருசம் தாண்டிவிட்டது.

அண்ணன் தன் போனை உங்கள் கையில் கொடுத்தால் கடைக்கு வெளியே போய்விடுகிறீர்களாம். காகிதத்தைக் கண்டு யாரும் ஓட மாட்டார்கள் என்று நினைத்து எழுதுகிறேன். நாக்பூர் முறுக்குக் கடை விலாசத்தை அவர்தான் கொடுத்தார். எண்ணெய்ச் சட்டிப் பக்கத்திலேயே நின்று உங்களுக்கு இருமல் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு வெந்நீர் குடியுங்கள்.

போன வருசம் ஆடி மாசம் ஒரு காலையில் புதூர் வீட்டு வாசலில் வந்து நின்று, வடக்கே வேலைக்குப் போறேன் என்று மட்டும் சொல்லி, சோறுகூடத் தின்னாமல் போனீர்கள். உங்கள் சட்டை முழுக்க ஈர மண் இருந்தது. மழையில்லாத மாசத்தில் ஏது ஈர மண் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. மூன்று மாசம் காத்திருந்தேன். பிறகு சுந்தரபாண்டியன் முதலாளியே காரில் வந்தார். உன் புருசன் செண்பகராஜ் பார்த்த தோட்ட வேலையை நீ பாரு, பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் இருந்துக்கோ, பிள்ளை கோவில்பட்டியில் படிக்கட்டும் என்றார். ஆடுகளை என் தம்பியிடம் விட்டுவிட்டு ஒரு கிடாரிக்குட்டியை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் ஏன் போனீர்கள் என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் புல்தரையைப் பார்த்துக்கொண்டே, "வருவான்ம்மா" என்றார்.

நான் வந்த அடுத்த மாசமே, கார்த்திகையில், முதலாளி சம்சாரம் இசக்கியம்மா அக்கா தவறிப்போனதை அண்ணன் சொல்லியிருப்பார். மூன்று நாள் உடம்புக்கு முடியாமல் கிடந்தார்கள். நெஞ்சு அடைத்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இப்போது வருசத் திதி வரப்போகிறது. அக்கா சாயங்காலமானால் நாற்காலி போட்டு உட்கார்ந்த அந்தப் புல்தரையில்தான் படத்தை வைத்து நூறு பேருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அந்தப் புல்லுக்குத்தான் இப்போது கேடு வந்திருக்கிறது.

ஆவணியில் புல் பழுக்க ஆரம்பித்தது. தண்ணீர் பற்றவில்லை என்று இரண்டு நேரம் விட்டேன். இன்னும் பழுத்தது. ஒருநாள் காலையில் ஒரு பிடி பிடித்து இழுத்தேன். வேரே இல்லாமல் பாய் சுருளுகிற மாதிரி சுருண்டு வந்தது. அடியில் விரல் தடிமனில் வெள்ளை வெள்ளையாய் வேர்ப்புழு. ஒவ்வொன்றும் காது மாதிரி வளைந்து கிடந்தது. மண்ணுக்குள் அத்தனை காதுகள் இருந்து நான் நடக்கிறதைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி எனக்கு உடம்பு கூசிவிட்டது. ஒரு முழச் சதுரத்தில் எண்ணினேன், இருபத்தாறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தோட்டத்தில் சத்தம் இல்லை. புதூரில் பொழுது சாய்ந்தால் சில்வண்டு கத்துகிற கத்தில் பேச முடியாது. இங்கே சில்வண்டு இல்லை, எறும்பு இல்லை, மண்புழு இல்லை. சாயங்காலம் காட்டுப் பக்கத்துச் சுவரில் ஏழெட்டு மயில் வரிசையாக வந்து நிற்கிறது. உள்ளே பார்க்கும். ஒன்றுகூட இறங்காது. பார்த்துவிட்டுப் போய்விடும்.

புழுவைப் பற்றி முதலாளியிடம் சொல்லி, குருணை மருந்து வாங்கிப் போடலாமா என்றேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. "இந்த மண்ணுல இனி ஒரு பொட்டு மருந்து விழக்கூடாது. விழுந்துச்சுன்னா நீ இங்கன இருக்க வேண்டாம்" என்றார். என்னிடம் அவர் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். தீப்பெட்டி ஆபீஸ் வைத்து வெடிக்கிற மருந்தையே அள்ளிப் பழகினவர், செடிக்குப் போடுகிற மருந்துக்கு அப்படிப் பயந்தார்.

வேறு வழி தேடினபோதுதான் பொன்மணி என்கிற பெண் கிடைத்தாள். விளாத்திகுளம் பக்கம் மிளகாய்க்காரர்களுக்கு உயிர் மருந்து தயார் செய்து கொடுக்கிறவள். முப்பது வயசு இருக்கும், ஸ்கூட்டரில் வந்தாள். புல்லைச் சுருட்டிப் பார்த்தாள், மண்ணை முகர்ந்தாள். லாரியில் வந்த செம்மண்ணோடும் மக்காத சாணியோடும் இந்தப் புழு வந்திருக்கும் என்றாள். ஆனால் இத்தனை பெருகினதுக்கு வேறு காரணம் உண்டாம். இதைத் தின்கிற எறும்பும் பறவையும் எங்கே போச்சு அக்கா என்று என்னைக் கேட்டாள்.

அடுத்த வாரம் மருந்து கொண்டுவருவாள். தரையின் நாலு பக்கமும் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றாள். கிணற்றோரத்தில் மட்டும் புல் பச்சையாக, படுத்துத் தூங்கலாம் போல இருக்கிறது. அங்கே புழு ஏன் போகவில்லை என்று தெரிந்துகொள்ள அங்கேயும் தோண்டணும் என்றாள். எனக்கும் அது புதிராகத்தான் இருக்கிறது. நம் கிடாரிக்குட்டி பசியோடு அவிழ்த்து விட்டாலும் அந்தப் பச்சையில் வாய் வைக்கிறதில்லை. மோந்து பார்த்துவிட்டுப் பழுத்த புல்லுக்குப் போய்விடுகிறது.

நீங்கள் என்ன செய்துவிட்டுப் போயிருந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதலாம். குலசாமி உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
சந்தனமாரி


கோவில்பட்டி
ஐப்பசி 6, புதன்கிழமை

பிரித்திகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கார்டு வந்தது. ஒரு வருசத்துக்கு மேல் கழித்து வந்த கார்டில் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் பெயர்கூட இல்லை. "கிணத்துப் பக்கம் தோண்ட வேண்டாம். மத்த இடத்தில் என்னவும் செய்துக்கோ." அவ்வளவுதான். எழுத்து உங்கள் எழுத்து. பிரித்திகா வாங்கி வாசித்துவிட்டு, இது அப்பாவாம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதை மடித்துத் தன் கணக்கு நோட்டில் வைத்துக்கொண்டாள்.

நான் அங்கே தோண்டவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் தோண்டாமலே ஒன்று தெரிந்துவிட்டது. அது எப்படி என்று எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

பொன்மணி இரண்டு மருந்து கொண்டுவந்தாள். ஒன்று பச்சைப் பூஞ்சணம். மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரச் சாக்கு மூடி, நிழலில் பத்து நாள் வைத்திருந்து தரையெல்லாம் தூவினோம். அது ஒட்டின புழு செத்து, கல் மாதிரி இறுகி, மேலே பாசி படர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று நூற்புழு. பஞ்சு மாதிரி ஒன்றை வாளித் தண்ணீரில் பிழிந்தாள். எட்டிப் பார்த்தேன், வெறும் தண்ணீர். இதில் லட்சக்கணக்கில் இருக்கு அக்கா, கண்ணுக்குத் தெரியாது என்றாள். வெயில் பட்டால் செத்துவிடும் என்று பொழுது இறங்கின பிறகு பூவாளியில் ஊற்றினோம். அதற்கு முன்னும் பின்னும் தரையை நனைத்தோம். மண் ஈரமாக இருந்தால்தான் அதால் நகர முடியுமாம். அது மண்ணுக்குள் வேர்ப்புழுவைத் தேடிப் போகும். வாய் வழியாகவும் பின்பக்கம் வழியாகவும் உள்ளே நுழையும். தன் வயிற்றில் வைத்திருக்கிற கிருமியை உள்ளே விடும். இரண்டு நாளில் புழு சாகும். செத்த உடம்புக்குள்ளேயே இருந்து பெருகி, பிறகு வெளியே வந்து அடுத்த புழுவைத் தேடிப் போகும். ஆடு மாட்டுக்கோ, மனுசருக்கோ, மண்புழுவுக்கோ ஒன்றும் செய்யாதாம். அவள் சோறு பரிமாறுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் வைக்கவே மனசு வரவில்லை. காலுக்கு அடியில் ஒன்று இன்னொன்றைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு.

மருந்து எங்கெல்லாம் பிடித்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி சொன்னாள். கம்பி வலையில் தீப்பெட்டி அளவுக்கு நாற்பது கூடு செய்தோம். ஒவ்வொன்றிலும் மண்ணோடு இரண்டு உயிருள்ள புழு. அந்தக் கூடுகளைத் தரை முழுக்க வரிசையாக நான்கு விரல் ஆழத்தில் புதைத்து ஈர்க்குச்சி நட்டு வைத்தோம். நான்கு விரல்தான். அதைத் தோண்டுகிறது என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். பிரித்திகா நோட்டில் கட்டம் போட்டு, எந்தக் கூடு எங்கே என்று நம்பர் எழுதிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் எடுத்தோம். இந்த நூற்புழு கொன்ற புழு செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும், நாறாது. அதோடு, இருட்டில் மினுங்கும் என்றாள் பொன்மணி. அந்தக் கிருமிக்கு அப்படி ஒரு குணமாம். நான் நம்பவில்லை. பிரித்திகா பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். உச்சி வெயில் நேரத்தில் மூன்று பேரும் உர அறைக்குள் போனோம். நாற்பது கூட்டையும் தரையில் இருந்த அதே வரிசையில் சிமெண்டுத் தளத்தில் பரப்பினோம். சன்னலைச் சாக்கால் அடைத்து, கதவைச் சாத்தி, சந்துக்கெல்லாம் துணி வைத்தோம். முதலில் என் கையே எனக்குத் தெரியவில்லை. பேசாமல் இருங்க, கண்ணு பழகணும் என்றாள். பத்து நிமிசம் இருக்கும். வெளியே ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டது. உள்ளே மூன்று பேர் மூச்சு.

பிறகு தெரிந்தது. அதை வெளிச்சம் என்று சொல்ல முடியாது. நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், ஓரக்கண்ணால் பார்த்தால் நிற்கும். சாம்பலும் பச்சையுமாய் ஒரு மினுக்கம். ஒன்று, இரண்டு, பத்து. தளம் முழுக்க எங்கள் புல்தரை, செத்த புழுக்களின் வெளிச்சத்தில் கிடந்தது.

அதில் ஒரு இடம் மட்டும் இருட்டாக இருந்தது.

மூன்று கூடு. கதவைத் திறந்து பார்த்தோம். அந்த மூன்றிலும் புழு செத்துத்தான் இருந்தது. ஆனால் சிவக்கவில்லை, கறுத்துத் தொங்கிக் கிடந்தது. தொழு உரத்தோடு வந்து கூட்டுக்குள் தெரியாமல் போன இரண்டு எறும்பும் செத்திருந்தது. இது நம்ம மருந்து கொன்னது இல்ல அக்கா என்றாள் பொன்மணி. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மூன்றும் கிணற்றோரத்துக் கூடு.

மறுபடியும் அந்த இடத்தைச் சுற்றி நெருக்கமாக இருபது கூடு வைத்தோம். மறுபடியும் ஒன்பது நாள். மறுபடியும் இருட்டறை. இந்தத் தடவை இருட்டுக்கு ஓரம் தெரிந்தது. ஏழு அடி நீளம், மூன்றடி அகலம். பிரித்திகா நோட்டுக் கட்டத்தில் அதைப் பென்சிலால் கறுப்பாக்கினாள். தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யம்மா, ஆளு படுத்துக் கெடக்க மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். நான் அந்தக் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

பொன்மணி மேல்மண்ணைக் கொஞ்சம் பையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். யாரிடமோ காட்டிச் சொல்கிறேன் என்றாள். முதலாளியிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் தினமும் சாயங்காலம் மாடியிலிருந்து நாங்கள் செய்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் நிமிர்ந்தால் உள்ளே போய்விடுகிறார்.

ராத்திரி படுத்தால் உங்கள் சட்டையில் இருந்த மண் ஞாபகம் வருகிறது. சோறு தின்னாமல் போனது ஞாபகம் வருகிறது. பதினாறு வருசம் உங்களோடு இருந்திருக்கிறேன். ஆட்டுக்குட்டி செத்தால்கூடக் குழி வெட்ட என்னைக் கூப்பிடுகிறவர் நீங்கள். உங்களைப் பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்க வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் கேட்கிறேன்.

அங்கே யார் இருக்கிறது?

ஒரு பெயர் எழுதினால் போதும். அல்லது யாரும் இல்லை என்று எழுதுங்கள், நான் நம்புவேன். பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் நானே தோண்டுவேன். எழுத வேண்டியதை எழுதுகிற தைரியத்தைக் கழுகுமலையான் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சந்தனமாரி


கோவில்பட்டி
கார்த்திகை 3, திங்கட்கிழமை

பிரித்திகாவின் அப்பாவுக்கு,

பதினைந்து நாளும் போய் அதற்கு மேல் ஐந்து நாளும் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டது. போன செவ்வாய்க்கிழமை காலையில் கொஞ்சம் வெறித்திருந்தது. முதலாளி ஆபீசுக்குப் போனார், பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். நான் மண்வெட்டியை எடுத்தேன்.

மேலே செம்மண் சுலபமாக வந்தது. ஒரு முழத்துக்குக் கீழே கரிசல். நனைந்த கரிசலை நீங்கள் அறிவீர்கள். மண்வெட்டியை விடாது, காலை விடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் கையால் வழித்துப் போட்டேன். இடுப்பளவு போனபோது ஒரு வாடை அடித்தது. பூண்டு அழுகின மாதிரி. செத்த வாடை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வெட்டில் மண்ணுக்குள் பளபளப்பாக ஒன்று தெரிந்தது.

மயில்கழுத்து நிறம். நீலமும் பச்சையும் கலந்து, வெயில் பட்டதும் திரும்புகிற நிறம்.

பட்டுச்சேலை என்று நினைத்தேன். ஒரு பொம்பளையை என் புருசன் இங்கே புதைத்திருக்கிறார் என்று நினைத்தேன். என் கை மண்வெட்டியை விட்டுவிட்டது. குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஏறவும் முடியவில்லை, தொடவும் முடியவில்லை. எந்த வீட்டுப் பிள்ளையோ, யார் தேடிக்கொண்டிருக்கிறார்களோ என்று ஓடியது. கடைசியில் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு மண்ணைத் தள்ளினேன். சேலை இல்லை. இறகு. மயிலேதான். ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினொன்று. எலும்பு வெளுத்துக் கிடந்தது, இறகு மட்டும் நேற்றுச் செத்தது போல அப்படியே இருந்தது. அதற்கும் கீழே மூன்று பிளாஸ்டிக் பை. ஒன்று கிழிந்து, உள்ளே இருந்த குருணை கரைந்து கூழாகிக் கிடந்தது. வாடை அதிலிருந்துதான்.

நான் அழுதேன். ஆள் இல்லை என்று தெரிந்த சந்தோசத்தில் அழுதேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை.

முதலாளி மத்தியானம் சாப்பிட வந்தவர் குழியைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். நான் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார். போன வருசம் ஆடியில் இதே புழு வந்தது. தடை செய்த மருந்தைத் தெரிந்த ஆள் மூலமாக வாங்கி வந்தது அவர்தான். போடச் சொன்னதும் அவர்தான். செத்த புழுவைத் தின்ன மயில்கள் இறங்கின. விடியும்போது புல்மேல் பதினொன்று கிடந்தது. மயில் சாமியோட வாகனம், அதைவிட வனத்துறை கேஸ், வெளியே தெரிந்தால் ஜெயில் என்று பயந்துபோய், மிச்ச மருந்தோடு சேர்த்துப் புதைக்கச் சொல்லியிருக்கிறார். "மருந்து போட்டவன் நீதான், ஓம் பேருதான் மொதல்ல வரும்லே. கொஞ்ச நாளு எங்கயாவது போயிரு, ஓம் பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று சொன்னாராம். நீங்கள் அப்படியே கிளம்பிப் போனீர்களாம்.

பிறகு, "மூடிரும்மா" என்றார். திதி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார்.

நான் குழியிலிருந்து ஏறிக் கிணற்றுக்கு நடந்தேன். எண்ணிக்கொண்டே நடந்தேன், பன்னிரண்டு எட்டு. "அண்ணாச்சி, போன கார்த்திகை மழைக்கு அக்கா எந்தத் தண்ணி குடிச்சாவ?" என்று கேட்டேன்.

உங்களுக்குத் தெரியும். இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க உப்புத் தண்ணீர், இந்தக் கிணறு ஒன்றுதான் இனிப்பு என்று அக்காவுக்கு ஒரு பெருமை. முனிசிபல் தண்ணீரை வாயில் வைக்க மாட்டார்கள். கடைசி மூன்று நாளும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். வேர்த்து வேர்த்து ஊற்றியது. வாயில் எச்சில் நிற்காமல் வழிந்தது. கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கிப்போய், இருட்டா இருக்குட்டி, விளக்கைப் போடு என்று பகலில் கேட்டார்கள். தாகம் என்று கேட்டபோதெல்லாம் அந்தக் கிணற்றில் இறைத்து என் கையால்தான் கொடுத்தேன்.

முதலாளி வெள்ளை வேட்டியோடு அந்தச் சேற்றில் உட்கார்ந்தார். அவருக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. நான் குழியை மூடவில்லை. மழை வந்துவிடக் கூடாது என்று தார்ப்பாய் இழுத்துக் கட்டினேன். அவரும் ஒரு முனையைப் பிடித்தார்.

மறுநாள் காலையில் அவராகவே வனத்துறை ஆபீசுக்குப் போனார். மருந்து வாங்கினதும், போடச் சொன்னதும், புதைக்கச் சொன்னதும், ஆளை அனுப்பினதும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர்கள் வந்து எலும்பையும் இறகையும் எடுத்துப் போனார்கள். விவசாய ஆபீசிலிருந்து வந்தவர்கள் பையையும், சுற்றி இருந்த மண்ணையும் டிரம்மில் அள்ளிப் போனார்கள். பொன்மணி கொண்டுபோன மண்ணிலும் அதே மருந்துதான் என்று தெரிந்துவிட்டது. கிணற்றைப் பலகை போட்டு அடைத்திருக்கிறார்கள். கேஸ் பதிவாகி முதலாளிக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறது. அக்கா விசயம் இனி யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். எரித்த உடம்பில் எதைப் பார்ப்பது. அப்படியும் இருக்கலாம் என்றார். திதி வீட்டுக்குள்ளேயே நடந்தது. நான்கு பேர்தான். முதலாளி இப்போது என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

உங்கள் பெயரும் கேஸில் இருக்கிறது. உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். வக்கீல் நந்தகோபால் சார், உங்கள் புருசன் தானாக வந்து நடந்ததைச் சொன்னால் நல்லது, கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும், முதலாளி எழுதிக் கொடுத்தது அவருக்கு உதவும் என்றார். அதற்கு மேல் உறுதி சொல்லவில்லை.

அக்காவைப் பற்றி உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நீங்கள் பைகளை வேண்டுமென்று கிணற்றோரம் வைக்கவில்லை, அங்கேதான் மண் இளகியிருந்திருக்கும். எனக்குத் தெரியும். ஆனாலும் மறைத்ததால்தான் இவ்வளவும் நடந்தது. நானும் ஒன்றை மறைக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது. நான் உங்கள்மேல் கோபப்படவில்லை என்று எழுத முடியவில்லை. வந்தீர்கள் என்றால் நேரில் கோபப்படுகிறேன்.

புழு ஒழிந்துவிட்டது. பொன்மணி வந்து பத்து இடத்தில் எடுத்துப் பார்த்தாள். முழச் சதுரத்துக்கு ஒன்று, இரண்டு, அதுவும் சிவந்து கிடக்கிறது. குழி வெட்டின இடத்தில் மட்டும் இப்போதைக்கு ஒன்றும் வைக்க வேண்டாம், இரண்டு வருசமாவது சும்மா கிடக்கட்டும் என்றாள்.

இனி, எழுத வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். முனிசிபல் தண்ணீர் பத்து நாளுக்கு ஒரு தடவைதான் வருகிறது. மழை ஆரம்பித்ததிலிருந்து ஒழுங்காக வரவில்லை. நாங்களும் கிணற்றில்தான் இறைத்தோம். எனக்கு லேசாகத் தலை சுற்றல், அவ்வளவுதான். பிரித்திகா போர்டில் எழுத்து மங்குகிறது என்று ஐப்பசிக் கடைசியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நிறையப் படிக்கிறாள், கண்ணாடி போட வேண்டும் போல என்று நினைத்தேன். காலையில் தலையணை எச்சிலில் நனைந்திருக்கும். சின்னப்பிள்ளையாட்டம் என்று நான் கேலி செய்தேன். குழி வெட்டின அன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெளிச்சத்தில் நிறுத்தி அவள் கண்ணைப் பார்த்தேன். அக்காவின் கண்ணில் பார்த்ததைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் படுக்க வைத்து அனுப்பினார்கள். தண்ணீரை மாற்றிவிட்டோம், நன்றாகத்தான் நடக்கிறாள், சாப்பிடுகிறாள். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கார்த்திகை 14, வெள்ளிக்கிழமை அங்கே கூட்டிப் போக வேண்டும். டாக்டரம்மா, அப்பாவையும் வரச் சொல்லுங்க என்றார்கள். எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு வாருங்கள். ஸ்டேசனில் போலீஸ் நிற்குமோ என்று பயப்பட வேண்டாம், நான் வந்து நிற்பேன், நாம் சேர்ந்தே போகலாம். பிரித்திகா உங்களைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால்கூட எனக்குத் தேவலை. அவள் பேசாமல் இருக்கிறதுதான் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பஸ்சுக்குப் போகிறோம். அதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.

நீங்கள் ஏறுகிற வண்டி நல்லபடியாக வந்து சேரட்டும்.

உங்கள்,
சந்தனமாரி